வெங்காயக் கலர் கடல்

அம்மா,

நேற்று சிதம்பரம் கீழவீதியில் ஒரு மேட்சிங் கடைக்குப் போயிருந்தேன். பிளவுஸ் பிட் எடுக்க. கடைக்காரம்மா என் புடவையை ஒரு கையிலும் துணியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். "டியூப்லைட்ல எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும், வெயில்ல பாருங்க" என்றார். புதுத்துணியின் கஞ்சி வாசனை குப்பென்று கிளம்பியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அது உன் பேச்சு. அந்தம்மா பாவம், "கலர் புடிக்கலியா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரியாக இருக்கிறது என்று வாங்கி வந்தேன். அண்ணாமலை நகர் வீட்டுக்கு வந்து பார்த்தால் துளிகூட மேட்ச் இல்லை. நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்களே, அதைத்தான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது, எப்படிச் செய்வது எல்லாம் அவரவர் இஷ்டம். ஒரே ஒரு நிபந்தனை, வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. மற்றவர்கள் தெர்மகோலில் கோபுரம் கட்டினார்கள். நானோ, நாற்பது நாள் விடிகாலைக் கடலின் நிறத்தை நாற்பது துணித்துண்டுகளாகத் தைத்துக் காட்டப் போகிறேன் என்று பெரிதாக அறிவித்துவிட்டேன். தையல்காரி மகளுக்குத் துணிக்கா பஞ்சம்? உன் மெஷினுக்குக் கீழே ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணி கிடந்தது.

முதல் நாள் நான் கடலுக்கே போகவில்லை. கடல் என்றால் நீலம்தானே என்று வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு ஆனந்தா புளூவை வெட்டி எடுத்தேன். நீ மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

"கடலப் பாத்துட்டு வந்தியா, கிரயான்ஸ் டப்பாவப் பாத்துட்டு வந்தியா?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளிலிருந்து கடலூர் தேவனாம்பட்டினம் தெருக்களில் பாதித் தூக்கத்தோடு நடந்தேன். பாவாடை மடியில் வெட்டுத்துணி. ஈர மணலில் நின்று ஒவ்வொரு துண்டாகத் தண்ணீருக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். சாம்பல் என்று முடிவு செய்யும்போதே கடல் பாசிப்பச்சைக்குப் போய்விட்டிருக்கும். பச்சையைத் தேடி எடுப்பதற்குள் தூரத்தில் ஒரு மயில்கழுத்துக் கோடு வந்து மறையும். இப்போதும் சில சமயம் அது நான் கண்ட கனவா, நடந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது. மீன் கூடையோடு போகிற ஒரு அக்கா தினமும் சிரிப்பார். "ஏம்மா, கடலுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" வந்து உன்னிடம் சொன்னேன். "அளவு எடுத்துக்கினு வரச் சொல்லு, தச்சிடலாம்" என்றாய்.

இருபத்து மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. நடுவில் ஓட்டை விழுந்தால் எல்லாம் வீண் என்று போர்வைக்குள் அழுதேன். "சும்மா படு, நான் பாத்துட்டு வரேன்" என்று நீ சாக்கிலிருந்து ஒரு கைப்பிடித் துணியை அள்ளிக்கொண்டு கிளம்பினாய். கடலிலிருந்து பத்து நிமிட நடையில் குடியிருந்தும், மாசி மகம் தவிர மற்ற நாளில் நீ அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. உனக்கு ஏது நேரம்? மூன்று நாள் போனாய். மூன்று நாளும் தலை கலைந்து, காலெல்லாம் மணலோடு வந்தாய். மூன்றாம் நாள் மட்டும் வெகுநேரம் கழித்து வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டை என் தலையணையில் வைத்தாய். வெங்காயக் கலர்.

"கடல் எங்கியாவது இந்தக் கலர்ல இருக்குமாம்மா?"

"இருந்துச்சுடி. நான் என்னா பொய்யா சொல்றேன்?"

சண்டை போடத் தெம்பில்லாமல் அதையும் சேர்த்துத் தைத்தேன்.

சிதம்பரத்தில் நடந்த கண்காட்சிக்கு என் துணி தேர்வானது. நீ இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு என்கூட பஸ்ஸில் வந்தாய். பார்வையிட வந்த டீச்சர் முப்பத்தொன்பது துண்டுகளையும் விட்டுவிட்டு நேராக வெங்காயக் கலரில் விரலை வைத்தார். "இது எப்படி உன் கண்ணுல பட்டுச்சு?" என்று கேட்டார்.

அம்மா, நான் வாய் கூசாமல் சொன்னேன். சூரியன் வருகிற நேரத்தில் மேகமெல்லாம் ரோஸாகி, அது தண்ணீரில் விழுந்து, அலைக்கு அலை உடைந்து... எவ்வளவு அழகாகப் பேசினேன்! நான் பார்க்காத கடலை, பார்த்தவள் பக்கத்தில் நிற்கும்போதே அளந்துவிட்டேன். டீச்சர் உன் பக்கம் திரும்பி, "வீட்ல ஹெல்ப் பண்ணீங்களா?" என்றார்.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் அவளேதான் செஞ்சா."

எனக்கு முதல் பரிசு. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பரிசு போய்விடுமே என்று பயம், அவ்வளவுதான். வேறு சமாதானம் ஒன்றும் என்னிடம் இல்லை.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் உன்னை உட்காரச் சொன்னேன், ஏதோ பெரிய உபகாரம் செய்வதுபோல. புதுச்சத்திரம் தாண்டியதும் நீ மெதுவாகப் பேச்செடுத்தாய்.

"நீ சொன்ன மாரி இல்லடி அது. அன்னிக்கு சூரியனே வரல. என்னாச்சுன்னா..."

முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. கண் ரெண்டும் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது.

"விடும்மா. அதான் முடிஞ்சிடுச்சே" என்றேன். பஸ்ஸில் யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறதே என்று எனக்குப் பதைப்பு. நீ "சரி" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் கேட்டிருக்கலாம். போன ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன், அப்போதாவது கேட்டிருக்கலாம்.

நீ போன பிறகு கடலூருக்கு வரும்போதெல்லாம் விடிவதற்கு முன்னால் போய் நிற்கிறேன். சூரியன் வராத நாளாகப் பார்த்துக்கூடப் போனேன். எனக்கு அந்த நிறம் அகப்படவில்லை.

என்ன ஆச்சு அம்மா, அன்றைக்கு? சொல்லு, இந்தத் தடவை குறுக்கே பேச மாட்டேன்.