மாடியில்லாத பள்ளிக்கூடத்தின் படிக்கட்டு

செப்டம்பர் 7, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நீதான் போனை எடுக்க மாட்டேங்கறியே, அதான் நீ பயிற்சி கொடுக்கற கால்பந்து டீமோட கோல்கீப்பர் பொண்ணு கையிலேயே கொடுத்தனுப்பறேன். விரல்ல மூணு தையல். கட்டு மாத்த தினமும் இங்கே அவசரப் பிரிவுக்கே வரச் சொல்லியிருக்கேன்.

எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டா, "படிக்கட்டுல விழுந்தேன் சிஸ்டர்"ங்கறா. ஒரே மாசத்துல உன் டீம்ல படியில விழுந்தவங்க இவளோட நாலு பேர். மாடியே இல்லாத உன் பள்ளிக்கூடத்துல ஏதுப்பா படிக்கட்டு? பதினஞ்சு வருஷமா நர்ஸா இருக்கேன், என் காதுலயே பூ சுத்தறியே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

செப்டம்பர் 8, செவ்வாய்

அக்காவுக்கு,

கோவிச்சுக்காதே. ஆட்டத்துல அடிபட்டதுன்னு ஆஸ்பத்திரிச் சீட்டுல இருந்தா, டாக்டர் கையெழுத்து வர்ற வரைக்கும் கால்பந்துச் சங்கத்துல ஆட விட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஃபைனல். தேர்வாளர்கள் வர்றாங்க. கோல் அடிக்கற என் முன்வரிசைப் பொண்ணு ஆடறதை அவங்க பார்த்தா போதும், விளையாட்டுக் கல்லூரியில சீட்டு, தங்கறது, சாப்பாடு எல்லாம் கிடைச்சுடும். அவ அம்மா நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவங்க.

எனக்கும் ஒரு நாள் தேர்வாளர் வந்தாங்க. முழங்கால் வீங்கியிருக்குன்னு என்னை உள்ளே வெச்சுக் கதவைப் பூட்டினது யாருன்னு ஞாபகம் இருக்கா?

தம்பி

செப்டம்பர் 10, வியாழன்

தம்பிக்கு,

ஞாபகம் இருக்கு. நீ இன்னிக்கு நொண்டாம நடக்கறதும் அதனாலதான். இப்ப நான் சொல்றதைக் காதுல வாங்கு.

உன் முன்வரிசைப் பொண்ணு இன்னிக்கு வந்தா. பந்தைத் தலையால முட்டப் போய் இன்னொருத்தி தலையில மோதியிருக்கா. ரெண்டு தடவை வாந்தி. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை, ஆனா மூளை அதிர்ந்திருக்கு. மூணு வாரம் ஓடவே கூடாது. அதுக்குள்ள இன்னொரு அடி பட்டா உயிருக்கே ஆபத்து.

டாக்டர்கிட்ட படிக்கட்டுன்னுதான் சொன்னா. என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லி அழுதா. நான் வாயை மூடிக்கிட்டேன், உனக்காக. ஞாயித்துக்கிழமை அவளை இறக்காதேப்பா. கெஞ்சிக் கேக்கறேன்.

அக்கா

செப்டம்பர் 12, சனி

அக்கா,

அவ நல்லாத்தான் இருக்கா. காலையில பதினேழாம் வாய்ப்பாடு கேட்டேன், கடகடன்னு ஒப்பிச்சா. கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் இறக்கறேன். தலையால முட்டாதேன்னு சொல்லியாச்சு. நீ எனக்குப் பூட்டின மாதிரி நான் அவளுக்குப் பூட்ட மாட்டேன். தயவுசெஞ்சு இதுல தலையிடாதே.

தம்பி

செப்டம்பர் 14, திங்கள்

தம்பி,

அவ பிழைச்சுட்டா. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

நேத்து சாயங்காலம் நான் டியூட்டிக்கு வந்தப்ப, வரிசையில ஓரமா யூனிஃபார்ம்ல உட்கார்ந்திருந்தா. ஞாயித்துக்கிழமையில யாருப்பா யூனிஃபார்ம் போடறா? ஜெர்சியைக் கழட்டிட்டு அதை மாட்டிக்கச் சொல்ல உனக்கு நேரம் இருந்திருக்கு. காலுறை முழுக்கப் புல்லு. "வீட்டுல வழுக்கி விழுந்தேன்"னு சொன்னதால, சின்ன அடிதான்னு புது டாக்டர் காக்க வெச்சிருந்தார். நாக்கு குழறுது, கண்ணு சொருகுது, அப்பவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சார் பேரைச் சொல்லிடாதீங்க சிஸ்டர்"ங்கறா.

நாலு நாள்ல ரெண்டாவது அடி, ரெண்டும் மைதானத்துலன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். உடனே ஆபரேஷனுக்குக் கொண்டு போனாங்க. இன்னிக்கு அவ அம்மா குரலைக் கேட்டுக் கண்ணைத் திறந்தா. வலது கை இன்னும் அசையலை. என்ன ஆகும்னு இப்ப சொல்ல முடியாதாம்.

வியாழக்கிழமையே நான் வாயைத் திறந்திருந்தா இது நடந்திருக்காது. அதையும் ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்துட்டேன். வேலை இருக்குமோ போகுமோ, பார்க்கலாம். உன் பேரையும் எழுதியிருக்கேன். இன்னிக்கு போலீஸ்ல இருந்து உன்னை விசாரிக்க வருவாங்க.

உன்னைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு மனசு வரலை. நான்தான் கொடுத்தேன்.

அக்கா