மடிப்பு விழாத மூளை

மகளே,

இன்று சாயங்காலம் உன் அப்பாவின் சட்டையை ஊறவைத்தபோது புளித்த ரப்பர் பால் வாடை முகத்தில் அடித்தது. எனக்குக் குமட்டியது. உனக்கு அப்படியில்லை. என் மடியில் கிடந்து எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாய். அந்த வாடை வாசலுக்கு வந்ததும் அழுகை நின்றுவிடும். அவரும் குளிக்காமலே உன்னைத் தூக்கிக்கொள்வார்.

ஆறு மாதமாகியும் உன் தலை நிற்கவில்லை. பிறகு வலிப்பு வந்தது. கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்றாள் உன் அத்தை. பிள்ளை வயிற்றோடு பால் வாளி தூக்கியதால் என்றார்கள் தோட்டத்து லய வீடுகளில் வேறு சிலர். நான் இரண்டையும் நம்பினேன்.

கேகாலை ஆஸ்பத்திரிக்கு அலைந்து அலைந்து, கடைசியில் கொழும்பில் ஸ்கேன் எடுத்தோம். டொக்டர் சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். வயிற்றிலிருக்கும்போது எல்லாப் பிள்ளைகளின் மூளையும் முதலில் வழுவழுப்பாகத்தான் இருக்குமாம். உள்ளே உண்டாகும் செல்கள் மேலே நகர்ந்து போய்ப் படையாகச் சேர வேண்டும். பிறகு அந்த மேற்படை, அடியில் இருப்பதைவிட வேகமாக வளர்ந்து மடிய ஆரம்பிக்கும். உனக்கு அந்தச் செல்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. படத்தில் உன் மூளை மடிப்பே இல்லாமல் இருந்தது.

நான் வாளியைப் பற்றிக் கேட்டேன். கிரகணத்தைப் பற்றியும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டாலும் இல்லை, அம்மா செய்த எதனாலும் இல்லை, கருவிலேயே தானாக நேர்ந்துவிட்ட பிழை என்றார். குணமாகுமா என்று அப்பா கேட்டதற்கு, இல்லை என்பதையும் அதே நிதானத்தோடு சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா உன் அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அக்கா, இவ மேல ஒரு குத்தமும் இல்ல. டொக்டரே சொல்லிட்டாரு. இனிமே யாரும் அதப் பேசக்கூடாது."

அத்தை எழுந்து போனாள். மறுநாள் நான் பால் வெட்டக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள். அன்றிலிருந்து உனக்குக் கஞ்சி ஊட்டியது அவள்தான். நீ விழுங்க மறந்தால் பேசிக்கொண்டே உன் தொண்டையைத் தடவிவிடுவாள்.

ஐந்து வயது வரை இருந்தாய். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில், அப்பா கையில் இருக்கும்போதே போய்விட்டாய்.

இப்போது எனக்கு எட்டாம் மாதம். போன கிழமை மறுபடியும் கொழும்பில் ஸ்கேன் எடுத்தார்கள். மடிப்புகள் மாதத்துக்கு ஏற்றபடி விழுந்திருக்கின்றன என்று டொக்டர் சொன்னதும், அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதைக் காட்டக்கூட உடம்பில் தெம்பில்லை. திரையில் அந்த நெளிவுகளைப் பார்க்கப் பார்க்க, இது எதுவும் இல்லாமல்தானே நீ எங்களோடு அத்தனை காலம் இருந்தாய் என்றே தோன்றியது.

நேற்றுக் கிளினிக்கில் புதிதாக வந்த மிட்வைஃப், அட்டையை எழுதிக்கொண்டே, வீட்டில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியென்றால் இதுதான் முதல் பிள்ளையா என்றாள். இடுப்பு வலித்தது. பின்னால் வரிசை நீண்டிருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"இல்லீங்க மிஸ்ஸி, இது ரெண்டாவது. மூத்தது பொண்ணு."