ஜெபக் குறிப்பில் வந்த பெயர்

நியூ ஹார்லெம், அயோவா
14 ஜனவரி 1997

அன்புள்ள ட்ரூடி,

கர்த்தருக்குள் சுகமா? இங்கே சுகம். பனி ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது. பன்றிக்குட்டிகளைச் சாகாமல் காப்பாற்றவே ஹாரல்டுக்குப் பொழுது சரியாக இருக்கிறது.

நேற்று ரேடியோவில் உன் பேச்சைக் கேட்டேன். நம் சபையின் கீழ்த்தளத்தில் ஏழு வருஷம் பிள்ளைகளுக்கு நடத்தினோமே, அந்த வகுப்பைப் பற்றி எவ்வளவு அழகாகச் சொன்னாய்! ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிறிஸ்தவனாக இருந்தால் போதாது, பள்ளிக்கூடத்திலும் சட்டசபையிலும் கேட்கிற பாட்டிலும்கூட அவன் கிறிஸ்தவன்தான் என்றாய். அது நான் பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்து எழுதின வரி, தாயே! “நாங்கள் எழுதினோம்” என்கிறாய். எந்த நாங்கள்? நீ நடத்தினாய், எழுதினது நான். போகட்டும் விடு.

தலைநகருக்குக் குடிபோன ஒரே வருஷத்தில் நம் சபைகளின் மாநிலக் கல்விக் குழுவில் இடம் வேறு. போதகர் மேடையிலேயே உன் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார். “என்னடி, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?” என்று ஹாரல்ட் கேட்டார். “வயிறு எரியுது, வேறென்ன?” என்றேன். சிரித்துவிட்டார். நீயும் சிரி.

உன்
வில்மா

டி மாயின்
2 பிப்ரவரி 1997

அன்பு வில்மா,

சிரித்தேன், கொஞ்சம் குத்தவும் செய்தது. நீ சொன்னது நியாயம். அடுத்த தடவை உன் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீ பொறாமைப்பட இங்கே ஒன்றும் இல்லையடி. நான் பெற்ற கரீனாவே இரண்டு மாசமாகச் சபைக்கு வருவதில்லை. “நீ ஊருக்கே பாடம் எடுக்கிறம்மா. எனக்குள்ள விசுவாசம்னு ஒண்ணுமே இல்ல. இருக்கிற மாதிரி நடிக்க என்னால முடியல” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். பதினேழு வயசு! குழுவில் கிறிஸ்தவக் கல்வி பற்றி நான் வாய் திறக்கும்போதெல்லாம் அவள் சொன்னதுதான் காதில் கேட்கிறது.

இது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் பெயர் நாலு பேர் வாயில் விழக் கூடாது. நீ மட்டும் ஜெபம் பண்ணு.

உன்
ட்ரூடி

நியூ ஹார்லெம்
13 பிப்ரவரி 1997

அன்புள்ள ட்ரூடி,

உன் கடிதம் பார்த்து மனசு தாங்கவில்லை. இவ்வளவு பெரிய பாரத்தை நான் ஒருத்தி எப்படிச் சுமப்பேன்? புதன்கிழமை பெண்கள் ஜெபக்குழுவில் வைத்தேன். பெயர் சொல்லாமல்தான் ஆரம்பித்தேன். “யாருன்னு தெரியாம எப்படி ஜெபிக்கிறது?” என்று கேட்டார்கள், சொல்ல வேண்டியதாயிற்று. ஒருத்திக்கு ஒருத்தி போன் பண்ணி, சாயங்காலத்துக்குள் முப்பது வீட்டில் உன் மகளுக்காக முழங்கால் போட்டார்கள். சந்தோஷப்படு.

உன்
வில்மா

டி மாயின்
3 மார்ச் 1997

வில்மா,

உங்கள் ஊரிலிருந்து கரீனாவின் பழைய தோழி போன் பண்ணி, “உனக்குப் பிசாசு பிடிச்சிருக்காமே, எங்கம்மா அழுதாங்க” என்றாளாம். என் மகள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “உன்னை நம்பித்தானேம்மா சொன்னேன்?” மறுநாள் மிச்சிகனில் இருக்கிற அவள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

நான் குழுவிலிருந்து விலகிவிட்டேன். என் இடத்துக்கு யாரைப் போடலாம் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். அன்பினால் இல்லை. பாடங்களை எழுதினது நீ, அது உண்மை என்பதால் சொன்னேன்.

இனி எனக்கு எழுதாதே.

ட்ரூடி போஸ்மா

நியூ ஹார்லெம்
13 மார்ச் 1997

ட்ரூடி,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

நேற்று ஜெபக்குழுவில் எழுந்து நின்று, “பாரத்தினால சொல்லலை, பொறாமையில சொன்னேன்” என்று சொல்லிவிட்டேன். பிறகு ஒருத்தி காப்பி ஊற்றிக் கொடுத்தாள். கரீனாவுக்கும் எழுதியிருக்கிறேன், தப்பு என்னுடையது, அம்மாவுடையது இல்லை என்று. அவள் படிப்பாளோ என்னவோ.

உன்னிடம் இனி ஒளிக்க மாட்டேன். கல்விக் குழுவின் கடிதம் வந்த அன்று என் பெயரை அதில் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அழுகை அப்புறம்தான் வந்தது. வேண்டாம் என்று பதில் எழுத மூன்று நாள் உட்கார்ந்தேன். மூன்று நாளும் தாளைக் கிழித்துப் போட்டேன்.

இன்று காலை சம்மதம் என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

வில்மா