மின் சிகரெட் வகுப்பை நிறுத்தச் சொன்ன என் புகாரைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்
இ. கிரேஸ், பி.எஸ்சி.,
க/பெ இம்மானுவேல்,
கும்மிடிப்பூண்டி.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: 9.10.2025 அன்று நான் அளித்த புகாரை ரத்து செய்து, சுகாதார வகுப்பை மீண்டும் நடத்த வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அந்தப் புகாரில், என் மகள் ஏஞ்சல் படிக்கும் பத்தாம் வகுப்பில், ஆசிரியை தமிழ்செல்வி மின் சிகரெட்டை நீட்டுவதுபோல் பிள்ளைகளை நடிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தேன். அது பாதி உண்மை. ஒரு பிள்ளை நீட்ட, இன்னொரு பிள்ளை மறுத்துப் பழகுவதே அந்தப் பாடம். நீட்டுவதும் வெறும் ஹைலைட்டர் பேனாதான். மறுபாதியைத் தெரிந்தேதான் விட்டேன்.

2. சிப்காட்டில் பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ரசாயன வாசனைகள் பழகிய நானே, மகளின் பையிலிருந்து வந்த மாம்பழ வாசனையை மிட்டாய் என்று நினைத்தேன். வாரத்துக்கு நாற்பது நிமிடம் பார்க்கும் ஆசிரியையிடம் அவளாகவே போய், தோழி கொடுத்து இரண்டு முறை இழுத்ததைச் சொல்லி, பையிலிருந்த அந்த மின் சிகரெட்டையும் ஒப்படைத்திருக்கிறாள். மறுநாள் ஆசிரியை என்னை அழைத்துப் பக்குவமாகத்தான் சொன்னார். அந்தப் பக்குவமே எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று மகளைக் கேட்டேன். "மிஸ்ஸு கேட்டுக்கினு இருந்தாங்க. நீ ஆரம்பத்துலயே கத்துவ" என்றாள். பதினைந்து வருடம் வளர்த்தவள் நான். அன்றே புகார் எழுதினேன்.

3. வகுப்பு நின்று மூன்று வாரமாகிறது. போன வெள்ளிக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் அதே தோழி, "இன்னாடி, ஒரு இழுப்புக்கு இவ்ளோ பேஜாரா?" என்று மறுபடி நீட்டியிருக்கிறாள். ஏஞ்சல் வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, பேருந்து வந்ததும் ஏறிவிட்டாளாம். இதைக்கூட அவள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ரோசம்மாள்தான் கண்டு வந்து சொன்னார். என்னோடு பழகிப் பார் என்று ஹைலைட்டரை நானே நீட்டினேன். "உனக்கு நீட்டவே தெரிலம்மா, மெரட்டுற" என்று பேனாவை வாங்கி வைத்துவிட்டாள்.

4. ஆசிரியை மீது எனக்குப் பொறாமை இன்னும் இருக்கிறது. அவர் வகுப்பில் என் மகள் சிரித்துக்கொண்டே மறுத்தாள் என்று அறிந்தபோதும் வயிறு எரிந்தது. அதற்காக முப்பத்திரண்டு பிள்ளைகளின் பாடம் நிற்கக் கூடாது.

ஆகவே, ஆசிரியைக்குப் பாதகமான குறிப்பு ஏதேனும் இருப்பின் அதை நீக்கி, அரையாண்டுத் தேர்வுக்கு முன் வகுப்பைத் தொடங்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். முதல் நாள் கடைசி பெஞ்சில் உட்கார எனக்கும் அனுமதி தாருங்கள். என் மகள் பேசும்போது அவர் எப்படிக் கேட்கிறார் என்று நான் பார்க்க வேண்டும்.

இடம்: கும்மிடிப்பூண்டி
நாள்: 3.11.2025

இப்படிக்கு,
இ. கிரேஸ்
(ஏஞ்சலின் தாய்)