சாத்தான் வேஷம் போட்டவனுக்கு

மச்சான்,

கோயில் மண்டபத்து நாடகப் பெட்டியைத் திறந்ததும், தேங்காய் எண்ணெயில் குழைத்த கரியின் வாசம் எழுந்தது. உன் கறுப்பு அங்கியின் கழுத்தில் இன்னும் அது ஒட்டியிருக்கிறது. இந்தத் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்துக்குச் சாத்தான் கிடைக்கவில்லை. நீ போன பிறகு வரதராஜன்பேட்டையில் அந்த வேஷத்தைத் தொடவே பயப்படுகிறார்கள். கடைசியில் நான் போட்டேன். என் தொப்பைக்கு அங்கி ஏறவில்லை. பக்கத்தில் பிரித்து ஒட்டுத்துணி வைத்துத் தைத்தோம். சாத்தான் இந்த வருஷம் நன்றாகச் சாப்பிட்டு வந்திருந்தான்.

பயத்தைக் கிளப்பியவர் நம் தெரு செபக்கூட்டத் தலைவர் செபஸ்தியான் அண்ணன். நீ நுரையீரல் நோயில் கிடந்தபோது, "வருஷா வருஷம் சாத்தானக் கூப்புட்டு ஒடம்புல ஏத்துனான். ஏறுனது எறங்கல" என்று வீடு வீடாகச் சொன்னார். அதன்பிறகு உன் வீட்டுக்குச் செபமாலை சொல்ல யாரும் வரவில்லை. உன் மனைவியும் நானும் மட்டும் சொன்னோம். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "மெய்யாவே எனக்குள்ள இருக்கானா மச்சான்?" என்று கேட்டாய். அந்த ஒரு கேள்விக்காகவே அவரைச் சும்மா விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆயுதமும் கிடைத்தது. வயலில் போர்வெல் போட்டுத் தண்ணீர் வராதபோது அவர் ரகசியமாகக் குன்னம் பக்கம் போய், குறி கேட்டு, கையில் தாயத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வெங்காய மண்டியில் காதில் விழுந்தது. பங்குனி வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மடிக்காமல் அவர் திரிவது அதனால்தான். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீதான் யாரிடமும் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறாய்.

இயேசுவைப் பாலைவனத்தில் சோதிக்கும் காட்சியில் ஒரு வசனம் சேர்த்தேன். சாத்தான் கூட்டத்தைப் பார்த்துச் சொல்வான்: "வெரல்ல செபமாலை, சட்டைக்குள்ள தாயத்து. நம்ம ஆளு முன்வரிசையிலயே உக்காந்திருக்காரு."

வீட்டில் நடித்துக் காட்டினேன். என் மனைவி சிரிக்கவில்லை.

"யாருக்காக இது?"

"அவனுக்காகத்தான். பாவம், செத்தவனுக்கு நம்மள வுட்டா நியாயம் கேக்க யாரு இருக்கா?"

"நீங்க இவ்ளோ பாசமாப் பேசி நான் கேட்டதே இல்லியே."

ஒத்திகையில் நீ சொல்வாயே: "சாத்தான் கத்தக் கூடாது மச்சான். 'பசிக்குதாப்பா'ன்னு அக்கறையா கேக்கணும். முக்காவாசி உண்மையத்தான் பேசணும்." வேஷம் போடும் முன்பே என் குரல் அப்படித்தான் இருந்தது.

ஆனாலும் வசனத்தை அடிக்கவில்லை. நான் அவ்வளவு நல்லவன் இல்லை. மேடை ஓரத்துக்கு வந்து நின்றேன். முன்வரிசையில் அவர், மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டு. வாயைத் திறந்தேன். உன்னை அவர் வாயால் அடித்த சாத்தான், இப்போது அவரை என் வாயால் அடிக்கப் பார்க்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. பழிவாங்கினேன் மச்சான், ஆளை மாற்றி. வசனத்தை விழுங்கினேன். இயேசு பக்கம் திரும்பி, உன்னைப் போலவே மெதுவாக, "பசிக்குதாப்பா?" என்றேன். உனக்குச் செய்ததற்குச் சாத்தானைப் பட்டினி போட்டேன்.

முடிந்ததும் செபஸ்தியான் அண்ணன் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"நல்லா செஞ்சடா. ஆனா ஒடம்பப் பாத்துக்க. இந்த வேஷம் ஆவாது."

விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்தது.

"சரிங்கண்ணே" என்றேன்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது அவர் பக்கம் திரும்பிக் கை குவிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான். அந்த வசனம் நாக்கு நுனியிலேயே இருக்கிறது. வாரா வாரம் விழுங்குகிறேன். ருசியாகத்தான் இருக்கிறது, அதுதான் கஷ்டம்.