ஏழாம் கற்பனையும் பனியன் துணித் திரையும்

1972 ஜூன் 4, ஞாயிறு

காலையிலிருந்து பாலக்காட்டுக் காற்று. வாயெல்லாம் மண்.

மானம் போன கதையை முதலில் எழுதிவிடுகிறேன். திடப்படுத்தல் வகுப்பில் (பிஷப் வந்து தலையில் கை வைக்குமுன் பிள்ளைகளுக்கு நடத்துவது) பத்துக் கற்பனைகள், அதாவது கர்த்தரின் பத்துக் கட்டளைகள், நடத்தினேன். ஆறாவது, கொலை. அடுத்து நேரே எட்டாவது, களவு. ஏழாவதைக் காணோம். நாற்பத்தேழு வயது, மூன்று பிள்ளைக்குத் தகப்பன்; விபசாரம் என்று சொல்ல வாய் வரவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல்: "சார், ஏழு எங்கீங்க போச்சு?" இரண்டு பக்கமும் சிரிப்பு.

திரை என்பது பையன்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் போன மாதம் முளைத்தது. வேஸ்ட் பனியன் துணி. சபைக் கமிட்டியின் புத்தி, வேறென்ன. வேதம் படிக்க வந்த பிள்ளைகளை ஆடு மாடு மாதிரி பிரித்துக் கட்டுகிறார்கள்.

அசடு வழிந்தபடி ஏழாவதை நடத்தினேன். உடம்பு கர்த்தர் தந்தது, அசிங்கமல்ல. ஆசை வருவது குற்றமல்ல, அடுத்தவரைக் கெடுப்பதுதான் குற்றம். இப்படி. முடிக்கிற நேரம் திரைக்குப் பின்னால் வேறொரு குரல், மெதுவாக:

"சார், கம்பெனியில மடிக்கற மேசைகிட்ட மேஸ்திரி வந்து கையப் புடிச்சுக்கறாருங்க. எனக்குப் புடிக்கலீங்க. அது எம் பாவமுங்களா?"

"அடுத்த வாரம் சொல்றேன் கண்ணு" என்றேன். கழுதை. நான்தான்.

ஜூன் 6, செவ்வாய்

தூக்கமில்லை. உப்புமா, அதிலும் உப்பில்லை. மண்ணெண்ணெய் வாங்க மறந்தாயிற்று. மனைவி லில்லியிடம் சொன்னேன்.

"பாவமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒரு வாரம் வேணுமாக்கும்?"

உப்புமாவைத் திட்டினேன்.

ஜூன் 8, வியாழன்

கமிட்டி. கோபம் இன்னும் அடங்கவில்லை; எழுத்து கோழி கிளறின மாதிரி. விஷயத்தைச் சொன்னேன். செயலாளர் தேவசகாயம் (இனி தே.; பெரிய பனியன் கம்பெனி மேனேஜர்; ஜெபம் நீளம், காது குட்டை) கேட்ட முதல் கேள்வி: "யாரு கம்பெனின்னு சொல்லுச்சுங்களா?" இரண்டாவது: "எந்தப் புள்ளை?"

திரை இருந்தது, தெரியாது என்றேன்.

"இப்படிக் கேக்கற புள்ளைக்குத் திடப்படுத்தல் எதுக்குங்க? பிஷப் வர்றதுக்குள்ள கண்டுபுடிச்சுப் பேரை எடுத்துருங்க."

பெயரை எடுத்தால் கோயிலில் அவளுக்கு இராப்போஜன அப்பமும் ரசமும் கிடையாது. ஏன் என்று சபையே கேட்கும். போதகர் மேசைவிரிப்பின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

மேசையைத் தட்டினேன். "கையப் புடிச்சவனை உட்டுப்போட்டு அந்தப் புள்ளையத் தேடறீங்களே, வெக்கமா இல்லீங்களா? மொதல்ல அந்தத் திரையக் கழட்டுங்க. கர்த்தர் முன்னால என்னங்க திரை?"

தே. சிரித்தார். "தாராளமாக் கழட்டுங்க."

இவ்வளவு சுலபமாக நான் எங்கும் ஜெயித்ததில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு.

ஜூன் 11, ஞாயிறு

காற்று ஓயவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்ததும் திரையை நானே பிடுங்கினேன், யாருடைய கழுத்தையோ முறிக்கிற மாதிரி. திரும்பினால் கடைசி பெஞ்சில் தே. பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு. வியாழக்கிழமைச் சிரிப்பு அப்போதுதான் புரிந்தது. மடையன்.

"போன வாரக் கேள்வி இருந்தாக் கேளுங்க கண்ணுகளா" என்றார், தேன் வடிய. பெண்கள் அத்தனை பேரும் குனிந்துகொண்டார்கள்.

நான் எந்த முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கத்தினேன்: "கையப் புடிக்கறவன்தான் பாவி. அந்தப் புள்ளைக்கு அதுல துளி பாவமில்லை. யாரு பேரையும் எடுக்க உடமாட்டேன். பிஷப்கிட்ட நானே போறேன்."

ஒரு தலையும் நிமிரவில்லை. தே. எழுந்து போனார். செருப்புச் சத்தம் வாசல்வரை கேட்டது.

வகுப்பு முடிந்தது. திரைத்துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியப் போனேன். ஏழு எங்கே என்று கேட்ட பெண் ஓடிவந்தாள்.

"அதைக் குடுத்துருங்க சார்."

"கமிட்டி துணி உனக்கெதுக்கு?"

"கமிட்டிதுங்களா? நாங்க தச்சதுங்க. கேக்கறப்ப மூஞ்சி தெரியாம இருக்கட்டும்னு."