தாரில் பதிந்த அடி

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலில் தார் ஊற்றினார். யன்னலைச் சாத்தியும் மணம் உள்ளே வந்துவிட்டது. கையில் தேத்தண்ணியோடு அப்படியே நின்றேன். கீழே எங்கள் வாசலில் நீர் குந்தியிருக்கிறீர் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். நீர் கண்மூடி இரண்டு மாரி கழிந்துவிட்டது.

லண்டனில் இந்தச் செவன் கிங்ஸ் வீட்டை எண்பதுகளின் கடைசியில் வாங்கினோம். மாரியில் தண்ணீர், வாசலில் கார் விடும் ட்ரைவ்வேயின் கீறல்களுக்குள் இறங்கி, உறைந்து, தாரைப் பிளந்துவிடும். பங்குனியில் வெடிப்புகளில் முளைத்த புல்லை நான் கிளறி எடுத்துத் தார் ஊற்றுவேன். நீர் பழைய தட்டகப்பையால் அழுத்தி மட்டம் செய்வீர்.

"வடிவா நிரப்புங்கோ. தம்பி வந்து இறங்கேக்கை கால் தடக்கக் கூடாது" என்பீர்.

எங்களிடம் வரவென்றுதான் உம்முடைய தம்பி, என் மச்சான், ஊரிலிருந்து வெளிக்கிட்டவன். கொழும்புக்கு வரும் வழியில் ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அவன் வரும் வாகனத்துக்கு இடம் வேண்டுமென்று எங்கள் காரை றோட்டில் நிற்பாட்டச் சொன்னீர். நானும் மறுக்கவில்லை.

ஒரு வருடம், தார் பூசிய மறுநாள் விடிய, காயாத தாரில் ஒரு வெறுங்கால் அடி. விரல்கள் எங்கள் கதவைப் பார்த்திருந்தன.

"வந்திட்டுப் போயிருக்கிறான்" என்றீர், மெதுவாக.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையளா இருக்கும்."

"இந்தக் குளிருக்கை வெறுங்காலோடையோ?"

உள்ளே வந்து செருப்பைக் கழற்றினீர். உம்முடைய உள்ளங்கால் கறுப்பாக இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு நீரும் குனிந்து பார்த்தீர்.

"இது எப்பிடி வந்தது?" என்று கேட்டீர். உமக்கு உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை.

தேங்காயெண்ணெய் தடவித் தாரைத் துடைத்தேன். கால் விறைத்துப்போயிருந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"என்னத்தை?"

"ஒண்டையும்."

அன்றிலிருந்து, நித்திரையில் நீர் எழும்பிப் போகாமல், படுக்கப்போகுமுன் கதவின் மேல் தாழ்ப்பாளையும் போட்டேன். அடுத்த மாரி அந்த அடியையும் பிளந்தது. பங்குனியில் நான் தார் டின்னைத் தூக்க, "இனி வேண்டாம். காரை உள்ளுக்கு விடுங்கோ" என்றீர். நான் விடுவதைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தீர். பிறகு தம்பியின் பெயரை நீர் எடுக்கவே இல்லை.

போன கிழமை ஈஸ்ட் ஹாமில் ஒரு கலியாண வீட்டில், முன்பின் தெரியாத ஒருவர் உம்முடைய ஊரைச் சொல்லி என்னோடு கதைத்தார். தம்பியோடு ஒரே தடுப்பு முகாமில் இருந்தவராம். பிடிபட்ட மாதமே அவன் செத்துப்போனானாம். நாங்கள் முதல் வெடிப்பை நிரப்புவதற்கும் முன்னாலேயே.

"லண்டனிலை அக்கா இருக்கிறா, அவவிட்டைத்தான் போறன் எண்டு எல்லாருக்கும் சொல்லுவான்" என்றார்.

நீர் இதைக் கேளாமல் போனது நல்லதென்று முதலில் நினைத்தேன். சாப்பாட்டில் கை வைத்தபோது அந்த நினைப்பு மாறிவிட்டது. 'அக்காவிட்டைத்தான் போறன்': அவனிடமிருந்து உமக்கு வந்த ஒரே சொல் அது. யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.